ஏழடிப் பொடியனின் தெரிவு

கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயர் நமது சஞ்சிகைகளுக்குப் புதியதல்ல. இஸ்லாத்தைத் தழுவிய பிரபலங்களின் பட்டியல் எங்கெல்லாம் அச்சாகுமோ அங்கெல்லாம் முஹம்மத் அலிக்கு அடுத்த வரியில் அவர் வந்து நிற்பார். அமெரிக்கர், கூடைப்பந்தாட்ட வீரர், உயரமானவர். அவ்வளவுதான். அடுத்த வரியில் இன்னொருவர் வந்துவிடுவார். இந்தப் பட்டியல்காரர்கள் மீது எனக்கு நெடுநாளைய மனக்குறை ஒன்று உண்டு. ஒரு மனிதர் கலிமாச் சொன்ன நாளிலிருந்துதான் அவரை இவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய வாழ்க்கை முழுவதும் அந்த நாளுக்கான முன்னுரையாகச் சுருங்கிவிடும்.

அவருடைய சுயசரிதையான 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' 1983இல் வெளிவந்தது. ஜாஸ் கலைஞர் ஜோன் கொல்ட்ரேனின் இசைத்தட்டொன்றின் பெயர் அது. அட்டை கழன்ற பிரதியொன்று மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. வாங்கியது என்னவோ அவர் இஸ்லாத்துக்கு வந்த கதையை அறியத்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முந்திய பகுதி. பதினெட்டு வயதில், லூ அல்சிண்டர் என்ற கத்தோலிக்கப் பொடியனாக, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவது என்று அவர் தீர்மானித்த கதை. அதை மூன்று தடவை வாசித்தேன்.

பல்கலைக்கழகம் தெரிவது அப்படியென்ன பெரிய விசயம் என்று நமது வாசகர் கேட்கலாம். நமது நாட்டில் பிள்ளை பல்கலைக்கழகத்தைத் தெரிவதில்லை. இசட் புள்ளி தெரிகிறது. பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல்கலைக்கழக அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் திரளுவார்கள், தொலைக்காட்சி வரும், பணம் வரும். அந்த அணிகளுக்குப் பொடியன்களைப் பிடிக்க, உயர்பாடசாலையில் நன்றாக ஆடும் பிள்ளையின் வீட்டுக் கதவைப் பயிற்றுவிப்பாளர்கள் தட்டுவார்கள். பதிலுக்குப் படிப்பும் இருப்பிடமும் சாப்பாடும் இலவசம். அதற்கு மேல் ஆட்டக்காரன் தன் பெயராலும் படத்தாலும் ஒரு சதம் சம்பாதிக்கக் கூடாது என்ற விதி 2021 வரை நின்றது. ஆக 1965இல் ஒரு பொடியன் தன்னிடமிருந்த ஒரே சொத்தை நான்கு வருடங்களுக்கு யாருடைய கையில் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அல்சிண்டர் 1947 ஏப்ரல் 16இல் நியூயோர்க்கில் பிறந்தவர். பேஸ்போலின் பெரிய லீக்குகளில் நிலவிய நிறத்தடையை உடைத்து ஜெக்கி ரொபின்சன் முதன்முதலாக மைதானத்தில் இறங்கியது அதற்கு முதல் நாள். அவரின் குடும்பத்தின் வேர் ட்ரினிடாட்டில். தகப்பன் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் படித்தவர். ஆனால் இசை சோறு போடவில்லை. நகரப் போக்குவரத்துப் பொலிஸில் வேலை செய்தார். ஒரே பிள்ளை. மன்ஹட்டனில் பவர் மெமோரியல் என்ற கத்தோலிக்க ஆண்கள் பாடசாலையில் படித்தார். அந்த அணி தொடர்ச்சியாக 71 ஆட்டங்களை வென்றது. 1965 ஜனவரி 30இல் டிமாத்தா என்ற பாடசாலை 46-43 என்று அந்தத் தொடரை முறித்தபோது அது நாடு முழுவதும் செய்தியானது. அவர் ஆடிய காலத்தில் அணி 79 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. அவர் எடுத்த 2,067 புள்ளிகள் அந்த நகரத்தின் உயர்பாடசாலைச் சாதனை. உயரம் ஏழடி. நாட்டின் அத்தனை பயிற்றுவிப்பாளர்களும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

ஆனால் இந்தத் தெரிவின் தொடக்கம் கடிதங்களில் இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1964இல் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் சொல்லப்பட்ட ஒரு சொல்லில் இருக்கிறது.

பாடசாலையின் பயிற்றுவிப்பாளர் ஜக் டொனஹு என்ற வெள்ளையர். இவரை வில்லனாக்கிவிடுவது சுலபம். அவர் வில்லனல்லர். பதினாலு வயதுப் பொடியனை எடுத்து ஆட்டக்காரனாக்கியவர். பத்திரிகைக்காரர்களும் தரகர்களும் பிள்ளையை நெருங்காமல் அரணாக நின்றவர். தன் காரில் ஏற்றிக்கொண்டு போவார், நாட்டு நடப்பைக் கதைப்பார். அல்சிண்டர் அவரை நம்பினார். அன்றைக்கு அணி சோம்பலாக ஆடியது. இடைவேளையில் டொனஹு அல்சிண்டரைச் சுட்டிக்காட்டி, நீ இப்போது ஆடுவது ஒரு ... போல இருக்கிறது என்றார். இடைவெளியில் வருவது, அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரை மனிதரல்ல என்று சொல்லப் பயன்படுத்தும் அந்தச் சொல். இவ்வகைச் சொற்கள் நமக்கும் பரிச்சயமானவைதான்; எந்தெந்த மொழியில் என்று இங்கே விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் பாதியில் அணி எழுந்து வென்றது. ஆட்டம் முடிந்ததும் டொனஹு அவரை அறைக்கு அழைத்து, பார்த்தாயா, என் உத்தி பலித்தது என்ற பாணியில் பேசினாராம். எனக்கு அந்தச் சொல்லை விட இதுதான் வலித்தது. சொல் கோபத்தில் வந்திருந்தால் மன்னிப்புக்கு இடமுண்டு. உத்தியாக வந்தது என்றால், அது இவ்வளவு காலமும் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

அந்தக் கோடையில் அல்சிண்டர் ஹார்லமில் இளைஞர் திட்டமொன்றில் பத்திரிகை வேலை பழகினார். மார்ட்டின் லூதர் கிங்கின் ஊடகச் சந்திப்பொன்றுக்கு அவரை அனுப்பினார்கள். பதினைந்து வயதுக் கறுப்பினப் பையன் ஒருவனைப் பொலிஸ்காரர் சுட்டுக்கொன்றதை அடுத்து ஜூலையில் ஹார்லம் கொதித்தபோது, சுரங்க ரயிலிலிருந்து 125ஆம் வீதியில் ஏறியவர் நேராகக் கலவரத்துக்குள் வந்து நின்றார். துவக்குச் சூட்டுச் சத்தத்துக்கிடையில் ஓடியிருக்கிறார். தன் உயரம் ஒரு குறியாகிவிடும் என்ற பயம் அவருக்கு. இவ்வளவுக்கும் இடையில் அதே கோடையில் டொனஹு நடத்திய முகாமுக்கும் போக வேண்டியிருந்தது. முகாமின் பெயர் 'நட்புப் பண்ணை'. கதாசிரியர் ஒருவர் இப்படிப் பெயர் வைத்தால் மிகை என்று நாம் வெட்டியிருப்போம்.

1965 வந்தது. டொனஹு பவர் மெமோரியலை விட்டு மசச்சூசெற்ஸிலுள்ள ஹோலி குரொஸ் என்ற கத்தோலிக்கக் கல்லூரியின் பயிற்றுவிப்பாளரானார். தன் பொடியன் தன்னோடு வருவான் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு இருந்தது. அல்சிண்டர் மரியாதைக்காக அங்கே போய்ப் பார்த்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த கறுப்பின மாணவன் ஒருவனே, இங்கே வந்துவிடாதே என்று அவரிடம் சொல்லியனுப்பியதாக எழுதுகிறார். நூற்றுக்கு மேற்பட்ட அழைப்புகளில் அவருக்குக் கிடைத்த ஆக நேர்மையான வாசகம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் என் தங்கச்சியின் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அந்தப் பகுதியை மூன்றாம் தடவை வாசித்தது அவனுக்காகத்தான். சாதாரண தரம் முடித்த கையோடு ஆறடி மூன்றங்குலம் வளர்ந்து நின்றான். மாகாணப் போட்டியில் ஆடியதைக் கண்ட தலைநகரப் பாடசாலையொன்றின் விளையாட்டுப் பொறுப்பாளர் வீடு தேடி வந்தார். உயர்தரத்துக்கு அங்கே இடம், விடுதி, சப்பாத்து, மாதச் செலவு எல்லாம் தருவதாகச் சொன்னார். தங்கச்சி ஹலால் சாப்பாட்டையும் ஜும்ஆவையும் கேட்டாள். அதற்கு நல்ல பதிலே கிடைத்தது. பொடியனைக் கதவு நிலையோடு நிற்கச் சொல்லி அண்ணாந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணீரைக் குடித்து முடித்துப் போனார்.

"காக்கா, நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்" என்றாள் தங்கச்சி.

நான் முடிவு சொல்லவில்லை. மருமகனிடம், "உன்னட்ட என்னடா கேட்டார்?" என்றேன்.

"உயரத்தத்தான் கேட்டார் மாமா."

அன்றிரவு அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துவைத்து அவனுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். டொனஹுவின் அறை வரும்போது தலையைக் குனிந்துகொண்டான். ஹோலி குரொஸ் மாணவன் வந்த இடத்தில் நிமிர்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அவருக்கு நூறு இடத்தில இருந்து கடிதம் வந்திருக்கு. எனக்கு வந்தது ஒண்டுதான் மாமா. அவரோட கதைய எனக்குச் சொல்லி என்ன செய்ய?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான். அதே விடுதியில் இருந்து திரும்பி வந்த பொடியன் ஒருவன் பக்கத்து ஊரில் இருப்பதை விசாரித்து, சைக்கிளில் போய்க் கண்டு வந்தான். இரண்டாம் வருடத்தில் அந்தப் பொடியனின் முழங்காலில் காயம். ஒரு தவணை ஆடவில்லை. விடுதிக் கட்டில் வேறொருவனுக்குப் போய்விட்டது. பாடத்திட்டத்தில் பாதி முடியாத நிலையில் ஊருக்கு வந்திருக்கிறான்.

மருமகன் போகவில்லை. உயிரியல் பிரிவில் மாவட்டத்திலேயே சேர்ந்தான். அந்தப் பாடசாலையில் மைதானத்தின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வளையம் இருக்கிறது. அவனுக்குப் பந்து போட்டுக் கொடுக்கவும் ஆளில்லை. போன வருடம் அந்தத் தலைநகரப் பாடசாலை இறுதிப் போட்டியில் ஆடியதைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். ஆட்டம் முடியும் வரை இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அல்சிண்டருக்கு வருவோம். கடைசியில் அவர் மனதில் நின்றவை நான்கு: கொலம்பியா, சென் ஜோன்ஸ், மிச்சிகன், லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், அதாவது யூ.சி.எல்.ஏ. தெற்கு மாநிலங்கள் கணக்கிலேயே இல்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் பெரி வொலஸ் என்ற முதலாவது கறுப்பினக் கூடைப்பந்தாட்டக்காரர் வண்டர்பில்ட் அணிக்காகக் களமிறங்கியது 1967இல்தான். (வொலஸ் அந்த இடத்தைத் தெரிந்துகொண்ட கதை தனியாக எழுதப்பட வேண்டியது. எச்சிலும் வசவும் தாண்டி ஆடி, பின்னர் சட்டப் பேராசிரியரானார்.) கொலம்பியா ஹார்லமுக்குப் பக்கத்தில், வீட்டிலிருந்தே போய் வரலாம். சென் ஜோன்ஸின் பயிற்றுவிப்பாளர் ஜோ லப்சிக்கை அவருக்கு நிரம்பப் பிடிக்கும். ஆனால் அறுபத்தைந்து வயதானதும் ஓய்வு என்ற விதிப்படி லப்சிக்கை அந்த வருடமே வீட்டுக்கு அனுப்பினார்கள். நிர்வாகம் ஒன்றின் வயதெல்லை விதி ஒரு நகரத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரனை நான்காயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் தள்ளியதில் பங்கெடுத்திருக்கிறது.

யூ.சி.எல்.ஏ. பக்கம் அவரை இழுத்தவற்றில் ஒன்று தொலைக்காட்சியில் கண்ட ஒரு முகம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் டெகத்லன் தங்கம் வென்ற ரேஃபர் ஜோன்சன் ஒரு நிகழ்ச்சியில் தோன்றினார். ஓட்டக்காரராக அல்ல, அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் தலைவராக. ஒரு கறுப்பின விளையாட்டு வீரனை அவனது கால்களுக்காக அல்லாமல் வேறொன்றுக்காகத் தெரிவு செய்த இடம் ஒன்று இருக்கிறது என்பது அல்சிண்டருக்குப் புதுமையாக இருந்தது. பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஜெக்கி ரொபின்சனிடமிருந்து. மற்றது ரல்ஃப் பன்ச்சிடமிருந்து. இருவரும் அங்கே படித்தவர்கள். பன்ச் என்ற பெயரைப் பலஸ்தீன வரலாறு வாசித்த நமது ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். 1949இல் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்குமிடையில் போர்நிறுத்த உடன்படிக்கைகளை ஏற்படுத்தி, 1950இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற ஐ.நா. அதிகாரி அவர்தான். அந்த உடன்படிக்கைகள் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் பாடசாலைப் பொடியன் ஒருவனுக்கு அவர் கடிதம் எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாவது, ஜோன் வூடன். 1964, 1965 இரண்டு வருடமும் தேசிய வெற்றிக்கிண்ணம் அவர் அணியிடம். பார்வைக்குக் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் போலிருப்பார். ஆங்கில ஆசிரியராக இருந்தவர்தான். தன்னைப் பார்க்க வந்த அல்சிண்டரிடம் அவர் முதலில் கதைத்தது பரீட்சைப் புள்ளிகளைப் பற்றி. ஆட்டத்தில் என்ன இடம் தருவேன், என்ன புகழ் வரும் என்ற பேச்சில்லை. இங்கே வருவது படிப்பதற்கு என்ற தொனி. இன்னொரு சின்ன விசயம். ஊரெல்லாம் 'லூ' என்று கூப்பிட்ட பிள்ளையை அவர் 'லூயிஸ்' என்று முழுப் பெயரால் அழைத்தார். என் மருமகனின் வீட்டுக் கதவு நிலை எனக்கு ஞாபகம் வந்தது இந்த இடத்தில்தான்.

1965 மே 4ஆம் திகதி பவர் மெமோரியலின் உடற்பயிற்சிக் கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் கூடினார்கள். அதுவரை அவர்களோடு கதைக்க அனுமதிக்கப்படாத பொடியன் எழுந்து, யூ.சி.எல்.ஏ.க்குப் போகிறேன் என்றார்.

அதற்குப் பத்து வாரங்களுக்கு முன்பு, பெப்ரவரி 21இல், அவர் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத மண்டபமொன்றில் மல்கம் எக்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். நமது பட்டியல்காரர் இதை அறிந்தால் உடனே ஒரு கோடு இழுத்து இரண்டையும் இணைத்துவிடுவார். அப்படி இழுக்க எனக்கு மனமில்லை. மே மாதத்தில் மேசைக்குப் பின்னால் நின்ற அந்தப் பொடியன் இஸ்லாத்தைத் தேடி மேற்கே போகவில்லை. தன்னை ஒரு சொல்லால் சுருக்காத இடத்தைத் தேடிப் போனான். மல்கமின் சுயசரிதை அவர் கைக்கு வந்தது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. அங்கே நெருங்கிய ஆள் இல்லாத தனிமையில் அதை வாசித்தார். 1968 கோடையில், விடுமுறைக்கு வந்த நியூயோர்க்கில்தான் கலிமாச் சொன்னார். பெயரைச் சட்டப்படி மாற்றியது 1971இல். மேற்கே போய், திரும்பி வந்த இடத்தில் கிடைத்தது.

அங்கே ஆட்டம் எப்படி இருந்தது என்பதை எண்கள் சொல்லும். முதலாம் வருட மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அக்கால விதி. 1965 நவம்பர் 27இல் புதிய அரங்கில் முதலாம் வருடத்தார் தமது பல்கலைக்கழகத்தின் பிரதான அணியோடு மோதினார்கள். நடப்புத் தேசியச் சம்பியன்களைப் புதுப் பொடியன்கள் 75-60 என்று வென்றார்கள். அல்சிண்டர் 31 புள்ளிகள். அதற்குப் பிந்திய மூன்று வருடங்களில் 88 வெற்றி, 2 தோல்வி, மூன்று வெற்றிக்கிண்ணங்கள். மேலிருந்து பந்தை வளையத்துக்குள் அமுக்குவதையே 1967இல் தடைசெய்தார்கள். யாரை மனதில் வைத்து என்று எல்லோருக்கும் விளங்கியது.

வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. தொலைக்காட்சியில் கண்ட கலிபோர்னியா அங்கே இல்லை. நியூயோர்க்கில் முகத்துக்கு நேரே சொல்வார்கள், இங்கே சிரித்துக்கொண்டு ஒதுக்கினார்கள். கையில் காசில்லை. இடையில் விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். முஹம்மத் அலி இராணுவத்துக்குப் போக மறுத்த பின்னர், 1967 ஜூனில் கிளீவ்லன்டில் அலியோடு உட்கார்ந்த பெரிய ஆட்டக்காரர்கள் நடுவே இருபது வயது மாணவராக இவரும் உட்கார்ந்தார். அடுத்த வருடம் ஒலிம்பிக் அணித் தெரிவுக்குப் போக மறுத்து, வசவுக் கடிதங்கள் வாங்கினார். 1969இல் வரலாற்றில் பட்டம் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

வூடன் 2010இல், தொண்ணூற்றொன்பதாவது வயதில் இறந்தார். அவரோடு கொண்ட ஐம்பதாண்டு நட்பைப் பற்றி 2017இல் கரீம் ஒரு நூல் எழுதினார். கட்டாரிலிருக்கும் நண்பரொருவர் அதை எனக்கு அனுப்பிவைத்தார். அதில் ஒரு சம்பவம். பல்கலைக்கழகக் காலத்தில் இருவரும் ஒன்றாக நிற்கிறார்கள். வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வந்து, இந்தப் பொடியனின் உயரம் எவ்வளவு என்று வூடனிடம் கேட்கிறார். அவர் சொல்கிறார். இவ்வளவு உயரமான ஒரு ... ஐ நான் கண்டதில்லை என்கிறார் பெண்மணி. டொனஹு சொன்ன அதே சொல். வூடனின் முகம் இறுகியது. வாய் திறக்கவில்லை. அவர் வெட்கப்படுகிறார் என்பது அல்சிண்டருக்கு விளங்கியது. இருவரும் அதைப் பற்றிக் கதைக்காமல் நடந்து போனார்கள்.

மருமகனுக்கு இந்த நூலை இன்னும் வாசித்துக் காட்டவில்லை. ஆகஸ்டில் அவனுக்குப் பரீட்சை. அது முடியட்டும்.